பெரியநாயக்கன்பாளையத்து ஐயா



கோவையிலிருந்து மேட்டுப்பாளையம் செல்லும் பேருந்தில் அமர்ந்து, கவுண்டம்பாளையத்தையும் துடியலூரையும் கடந்து சென்றால் பெரியநாயக்கன்பாளையம் என்னும் ஊர் வரும். மேற்கே மலைத்தொடர் நீலமாய் நிற்கும். சாலையோரத்தில் மரங்கள் அடர்ந்த பெரியதொரு வளாகம் கண்ணிற்படும். ஸ்ரீ ராமகிருஷ்ண மிஷன் வித்யாலயம் என்று பெயர்ப்பலகை கூறும். பள்ளி, கல்லூரி, ஆசிரியப் பயிற்சி, தொழிற்கல்வி, வேளாண்மை எனப் பல நிலையங்கள் அதனுள்ளே அடங்கியுள்ளன. ஊட்டிக்குச் சுற்றுலா செல்வோர் அதைக் கடந்து போகும்போது பெரும்பாலும் உறங்கிக்கொண்டிருப்பர். அதை உண்டாக்கிய மனிதரைப் பற்றித்தான் இந்த இதழில் உங்களோடு சிறிது பேச விரும்புகிறேன்.

அவர் தி. சு. அவிநாசிலிங்கம் செட்டியார். வித்யாலயத்தார் "ஐயா" என்றே அவரைக் குறிப்பிடுவர். அவர் நம் மார்க்கத்தைச் சேர்ந்தவர் அல்லர். அவர் தொடங்கிய கல்விச்சாலையோ ஒரு இந்து சமயத் துறவியர் இயக்கத்தோடு இணைந்தது. அவரை நான் நேரில் கண்டு பேசியதும் இல்லை. அப்படியிருக்க, நம் குடும்ப இதழில் அவருக்கு ஏன் பக்கங்கள் என்று நீங்கள் கேட்கலாம். கேட்பது நியாயமே. கோட்டைமேட்டில் பழைய இரும்பு வியாபாரம் செய்த ஒரு ராவுத்தரின் மகனாகிய நான், அறிவியல் ஆசிரியனாக 58 வயது வரை பணியாற்றி ஓய்வு பெற்றேன். அந்த வாழ்வில் எனக்குக் கிடைத்த முக்கியமான சில பொருள்கள் எங்கிருந்து வந்தன என்று முதுமையில் உட்கார்ந்து கணக்குப் பார்த்தபோது, அவற்றில் பாதி இந்த ஒருவர் கையெழுத்தின் வழியாக வந்தவை என்று கண்டேன். முகம் அறியாத ஒருவரிடம் பட்ட கடன் அது.

வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1903ஆம் ஆண்டு மே 5ஆம் நாள் திருப்பூரில், வசதி மிக்க வணிகக் குடும்பத்தில் பிறந்தார். சென்னை பச்சையப்பன் கல்லூரியிலும் பின்னர் சட்டக் கல்லூரியிலும் பயின்று வழக்கறிஞரானார். கோவையில் வக்கீல் தொழில் நடத்தி, நிலபுலன்களைப் பெருக்கி, மரியாதையோடு வாழ்ந்திருக்கலாம். விடுதலைப் போராட்டம் அவரை இழுத்துக்கொண்டது. 1930களிலும் 1940களிலும் பலமுறை சிறை சென்றார். திருமணம் செய்துகொள்ளவில்லை. தம் செல்வத்தைக் கல்விப் பணிக்கே ஈந்தார். 1991 நவம்பர் 21 அன்று, தம் 88ஆம் வயதில் மறைந்தார்.

இவற்றுள் என் மனம் நிலைகொள்வது 1930ஆம் ஆண்டின் மீதுதான். நாடெங்கும் உப்புச் சத்தியாக்கிரகம் கொழுந்துவிட்டெரிந்த ஆண்டு அது. தலைவர்கள் கூட்டங்களிலும் ஊர்வலங்களிலும் முழுமூச்சாய் ஈடுபட்டிருந்தனர். அந்த ஆண்டிலேதான் 27 வயது வக்கீல் ஒருவர், கோவையில் ஒரு வாடகைக் கட்டடத்தில் விரல்விட்டு எண்ணத்தக்க சிறுவர்களைச் சேர்த்துக்கொண்டு ஒரு குருகுலத்தைத் தொடங்கினார். போராட்டம் உச்சத்தில் இருக்கையில் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுக்க ஒருவர் உட்கார்ந்தது அன்று பலருக்கு வேடிக்கையாகத் தோன்றியிருக்கக்கூடும்.

அக்காலத்துக் கோவையை நீங்கள் மனக்கண்ணில் கொண்டுவர வேண்டும். 1930களின் தொடக்கத்தில் பைக்காரா நீர்மின் நிலையத்திலிருந்து மின்சாரம் வந்தது. அதன்பின் ஒன்றன்பின் ஒன்றாகப் பஞ்சாலைகள் எழுந்தன. ஆலைச் சங்கு ஒலிக்கும் நேரமே ஊருக்குக் கடிகாரம் என்றாயிற்று. பையன் கொஞ்சம் தோள் உயர்ந்துவிட்டால் ஆலைக்கு அனுப்பிவிடலாம் என்பது ஏழை வீடுகளின் கணக்கு. நிலமுள்ள வீடுகளுக்கோ தோட்டத்து வேலை இருந்தது. சாதிக் கட்டுப்பாடும் கடுமையாக இருந்தது. தாழ்த்தப்பட்டோர் தெருவில் செருப்பணிந்து நடக்கவும் அஞ்சிய ஊர்கள் கொங்கு நாட்டில் எத்தனையோ இருந்தன. அச்சூழலில், அரிசனப் பிள்ளைகளும் பிற சாதிப் பிள்ளைகளும் ஒரே கூரையின்கீழ் உறங்கி, ஒரே பந்தியில் உண்டு, ஒரே துடைப்பத்தை எடுத்து முற்றம் பெருக்கும் விடுதியை நடத்துவதென்றால் அது எளிய காரியம் அன்று. சொற்பொழிவில் சமத்துவம் பேசிவிட்டு வீடு திரும்பிவிடலாம். பிள்ளைகளோடு ஒரே பந்தியில் அமர்ந்தவர்க்கு அந்த வசதி இல்லை. 1934இல் அரிசன நலனுக்காகச் சுற்றுப்பயணம் செய்த காந்தியடிகள் கோவைக்கு வந்தபோது வித்யாலயக் கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டினார். 1940களில் அது பெரியநாயக்கன்பாளையத்துக்குப் பெயர்ந்து விரிந்தது.

ஆசிரியர் மாணவரோடு தங்க வேண்டும், புத்தகத்தோடு மண்வெட்டியும் பிள்ளையின் கைக்குப் பழக வேண்டும் என்பவை அங்கே தொடக்கம் முதல் இருந்த நியதிகள். இந்த எண்ணம் அக்காலத்தில் நாட்டின் பல மூலைகளில் பலருடைய உள்ளத்தில் முளைத்திருந்தது. 1937இல் வார்தாவில் உருவான ஆதாரக் கல்வித் திட்டத்துக்கு வடிவம் தந்த குழுவின் தலைவர், பின்னாளில் இந்தியக் குடியரசுத் தலைவரான டாக்டர் ஜாகிர் உசேன் என்பதை நம் வாசகர்களில் மூத்தோர் அறிவர். அவரையும் ஐயாவையும் அருகருகே வைத்துப் பார்ப்பது எனக்கு ஒரு பழக்கமாகிவிட்டது. ஜெர்மனியில் டாக்டர் பட்டம் பெற்றுத் திரும்பிய ஜாகிர் உசேன், 1926இல், மூடிவிடும் நிலையில் இருந்த தில்லி ஜாமியா மில்லியாவைத் தம் 29ஆம் வயதில் ஏற்றார். அங்கே ஒரு குழுவினர், மாதம் 150 ரூபாய்க்கு மேல் ஊதியம் பெறுவதில்லை, 20 ஆண்டுகள் விட்டுப் போவதில்லை என்று உறுதி எடுத்துக்கொண்டனர். அவரும் அக்குழுவில் ஒருவர். 1948 வரை அங்கேயே இருந்தார். தெற்கே ஒருவரும் வடக்கே ஒருவரும், ஏறத்தாழ ஒரே காலத்தில், பிள்ளைகள் நடுவே சென்று அமர்ந்து எழுந்திருக்க மறுத்தனர்.

எழுந்திருக்க மறுத்தார் என்று ஐயாவைப் பற்றிச் சொல்லும்போது ஒரு விளக்கம் தேவைப்படுகிறது. அவர் பதவிகளை நாடாதவர் அல்லர். பல பதவிகளில் இருந்தவர். மத்திய சட்டசபையில் பத்தாண்டுகள் இருந்தார். 1946 முதல் 1949 வரை சென்னை மாகாணத்தின் கல்வி அமைச்சர். 1952இல் திருப்பூர்த் தொகுதியிலிருந்து மக்களவைக்குச் சென்றார். 1958 முதல் 1964 வரை மாநிலங்களவையில் இருந்தார். 1970இல் பத்மபூஷண் விருது வந்தது. ஒவ்வொரு பதவியும் முடிந்த பின் எங்கே திரும்பினார் என்று பாருங்கள். அந்த விடுதி வளாகத்துக்கே திரும்பினார். சென்னையும் தில்லியும் அவருக்கு வேலைக்குப் போன இடங்கள். வீடு இங்கே இருந்தது.

அமைச்சராக இருந்த மூன்றாண்டுகள் குறைவுதான். ஆனால் என் கடன் கணக்கு அங்கிருந்துதான் தொடங்குகிறது.

உயர்நிலைப் பள்ளிகளில் அறிவியலும் வரலாறும் தாய்மொழியில் கற்பிக்கப்படுவது அவர் காலத்தில் உறுதிப்பட்டது. நான் பள்ளியில் படித்தது 1950களிலும் 60களிலும். என் அத்தாவுக்குக் கணக்குப் புத்தகத்தில் கையெழுத்துப் போடத் தெரியும், அவ்வளவே. அம்மாவுக்கு அரபுத் தமிழ் மட்டும் வாசிக்கத் தெரியும். இயற்பியல் பாடம் ஆங்கிலத்தில் இருந்திருந்தால் நான் எட்டாம் வகுப்போடு தராசுத் தட்டின் அருகே உட்கார்ந்திருப்பேன் என்பதில் எனக்கு ஐயமில்லை. "நெம்புகோல்" என்ற சொல்லைப் படித்த அன்றே, அத்தா கடப்பாரையால் இரும்புத் துண்டைப் புரட்டுவது எதனால் என்று எனக்கு விளங்கிவிட்டது. வீட்டுக்கு ஓடிவந்து அவருக்கே விளக்கினேன். "இதுக்கு ஒரு பேர் வேற வெச்சிருக்காங்களா?" என்று அவர் சிரித்தார்.

இரண்டாவது கடன் பெரியது. 1948இல் சென்னைப் பொது நூலகச் சட்டம் நிறைவேறியது. சீர்காழியில் பிறந்து நூலகவியலுக்கு உலகப்புகழ் தேடித்தந்த எஸ். ஆர். ரங்கநாதன் நெடுங்காலம் வற்புறுத்தி வந்த கருத்து அது. அதைச் சட்டமாக்கிய கல்வி அமைச்சர் ஐயா. விடுதலை பெற்ற இந்தியாவில் இத்தகைய சட்டம் அதுவே முதலாவது. அதன் நுட்பம் எளிமையானது. சொத்து வரியோடு நூலக வரி என்று ஒரு சிறு தொகை சேர்த்து வசூலிக்கப்படும். அந்தப் பணம் மாவட்ட நூலக ஆணைக்குழுவுக்குப் போகும். அதிலிருந்து ஊர்தோறும் கிளை நூலகம் நடக்கும். வள்ளல்களின் தயவுக்காக நூலகங்கள் காத்திருக்க வேண்டியதில்லை; வீடுள்ள ஒவ்வொருவரும் தாம் அறியாமலே ஒரு நூலகத்தை நடத்துகின்றனர். உங்கள் வீட்டு வரிச் சீட்டை எடுத்துப் பாருங்கள். நூலக வரி என்ற வரியைக் காண்பீர்கள். நாம் கட்டுகிறோம், ஆனால் நம் பிள்ளைகளை அந்த நூலகத்துக்கு அனுப்புகிறோமா? நம் தெருக்களில் இதைக் கேட்டால் பலரும் வேறு பேச்சுக்கு மாறிவிடுகின்றனர்.

அத்தகைய கிளை நூலகம் ஒன்றில்தான், 1965 வாக்கில், நூலகரின் மேசைக்குப் பின்னாலிருந்த கண்ணாடி அலமாரியில் ஒன்பது தடித்த தொகுதிகளைக் கண்டேன். முதுகில் "கலைக்களஞ்சியம்" என்று பொன்னெழுத்து. வீட்டுக்கு எடுத்துப்போகத் தரமாட்டார்கள். அங்கேயே அமர்ந்து படிக்கலாம். நூலகர் என் கைகளைத் திருப்பிப் பார்த்தார். இரும்புத் துரு. "கழுவிக்கிட்டு வா தம்பி" என்றார். கழுவிக்கொண்டு வந்தேன். அதன்பின் மூன்றாண்டுகள் நான் அந்த நூலகத்துக்குக் கை கழுவாமல் சென்றதில்லை.

அந்தக் களஞ்சியத்தின் கதையும் ஐயாவின் கதையே. 1946இல் அவர் தமிழ் வளர்ச்சிக் கழகத்தை நிறுவினார். தமிழில் ஒரு கலைக்களஞ்சியம் வேண்டும் என்று திட்டமிட்டு, அதன் தலைமைப் பதிப்பாசிரியராகப் பெ. தூரனை அழைத்தார். தூரன் யார்? ஈரோட்டை அடுத்த ஒரு சிற்றூரில் பிறந்தவர், பெரிய பாடலாசிரியர், அதற்கெல்லாம் மேலாக, வித்யாலயத்தில் பிள்ளைகளுக்கு ஆசிரியராய் இருந்தவர். தம் விடுதிப் பள்ளி ஆசிரியரையே ஒரு மொழியின் முதற்பெரும் அறிவுத் திரட்டுக்குப் பொறுப்பாளராக்கினார் ஐயா. மாணவரை அடையாளம் காண்பதில் வல்லவர் என்று பலரைப் புகழ்வதுண்டு. ஆசிரியரை அடையாளம் காண்பது அதனினும் அரிது. முதல் தொகுதி 1954இல் வெளிவந்தது. இணைப்புத் தொகுதியாகிய பத்தாவது 1968இல் வந்தது. அதே ஆண்டில் குழந்தைகள் கலைக்களஞ்சியத்தின் முதல் தொகுதியும் வெளியாயிற்று. அதுவும் பத்துத் தொகுதிகளாக 1976இல் நிறைவுற்றது. அமைச்சர் பதவி 1949லேயே போய்விட்டது என்பதை நினைவில் கொள்ளுங்கள். அறிவித்த திட்டம் பதவியோடு புதையுண்டு போவதே நாம் கண்ட வழக்கம். இவரோ பதவி போன பின் கால் நூற்றாண்டுக்கும் மேலாக அதைத் தூக்கிச் சுமந்தார்.

பாரதியார் பாடல்களின் உரிமையை 1949இல் அரசு வாங்கி அவற்றைப் பொதுவுடைமையாக்க வழி செய்ததிலும் அவருக்குப் பங்கு உண்டு. அதைப் பற்றிப் பலரும் எழுதிவிட்டனர், நான் நீட்டவில்லை.

துதிபாடுவதாக நீங்கள் எண்ணிவிடக் கூடாது. 1948இல் பள்ளிகளில் இந்தியைக் கட்டாயப் பாடமாக்கிய ஆணையும் இதே கல்வி அமைச்சர் காலத்தில்தான் வந்தது. அதே கொங்கு மண்ணைச் சேர்ந்த ஈரோட்டுப் பெரியார் அதை எதிர்த்துப் போர்க்கொடி உயர்த்தினார். போராட்டம் பரவியது. பின்னர் கட்டாயம் கைவிடப்பட்டது. ஒரு கையால் தமிழுக்கு வாயிலைத் திறந்தவர் மறு கையால் இப்படியொரு சுமையை ஏன் ஏற்றினார் என்று நான் வியந்ததுண்டு. தேசிய இயக்கத்தில் ஊறியவர்களுக்கு அக்காலத்தில் இந்தி என்பது ஒற்றுமையின் மொழி. அந்த நம்பிக்கையின் நேர்மையை ஏற்கலாம்; ஆணையின் நியாயத்தை என்னால் ஏற்க இயலவில்லை. பெரியோர்களைப் பற்றி எழுதுகையில் இத்தகைய இடங்களைத் தாண்டிக் குதிப்பது நம் பத்திரிகைகளில் ஒரு வழக்கமாகிவிட்டது. படிப்பவர்க்கு அது நன்மை செய்வதில்லை.

1957இல் பெண்களுக்காக மனையியல் கல்லூரி ஒன்றைக் கோவையில் தொடங்கினார். டாக்டர் ராஜம்மாள் தேவதாஸ் என்னும் பேரறிஞரின் உழைப்பால் அது வளர்ந்து, 1988இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகமாயிற்று. என் மகள் அங்கே உணவியல் படித்தாள். எங்கள் குடும்பத்தில் பட்டம் பெற்ற முதல் பெண் அவள்தான். அவளுடைய பாட்டி, அதாவது என் அம்மா, "சோறாக்கறதுக்கு ஒரு காலேஜா?" என்று கேட்டார். பின்னர் சர்க்கரை நோயில் அதே பேத்தி எழுதிக்கொடுத்த உணவுப் பட்டியலைக் கடைசி வரை சமையலறைச் சுவரில் ஒட்டி வைத்திருந்தார்.

பெரியநாயக்கன்பாளையத்து வளாகத்தினுள் நான் முதன்முதலாகக் கால் வைத்தது 1993இல். ஐயா மறைந்து ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. ஆசிரியர்களுக்கான பயிற்சி ஒன்றுக்காகச் சென்றேன். பாடங்கள் ஒருபுறம் இருக்க, மாலை வேளைகளில் நான் அங்கும் இங்கும் நடந்து பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். விடுதிப் பையன் ஒருவன், பதினோரு வயது இருக்கும், ஒரு காய்கறிப் பாத்திக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தான்.

"எந்த ஊர் தம்பி?" என்றேன். தாராபுரம் பக்கம் ஒரு கிராமத்தின் பெயரைச் சொன்னான்.

"வீட்டு ஞாபகம் வரலையா?"

"மொதல்ல ஒரு மாசம் அழுதேனுங்க. அப்புறம் எம் பாத்தியில வெண்டை காய்க்க ஆரம்பிச்சிருச்சுங்க."

இதைச் சொல்லிவிட்டு அவன் வாளியை எடுத்துக்கொண்டு போய்விட்டான். அழுகையை நிறுத்த அவனுக்கு யாரும் உபதேசம் செய்யவில்லை. "இது உன்னுடையது, இதைக் காய்க்க வை" என்று மூன்றடி மண்ணைக் கொடுத்திருக்கிறார்கள். அந்த மண்ணைக் கொடுத்துவிட்டு, காய்க்கும் வரை அருகே ஓர் ஆசிரியர் இருந்திருக்கிறார். 1930இல் ஒரு வாடகைக் கட்டடத்தில் தொடங்கிய எண்ணம் 63 ஆண்டுகள் கழித்து ஒரு வெண்டைச் செடியாக நின்றதை நான் அன்று கண்டேன்.

இனிச் சொல்லப்போவது எழுதுவதற்குக் கடினமானது. 1997 நவம்பரிலும் 1998 பிப்ரவரியிலும் எங்கள் ஊரில் நடந்தவற்றை நீங்கள் அறிவீர்கள். கலவரத்தில் நம்மவர் மாண்டனர். குண்டுவெடிப்புகளில் ஏதுமறியாத மக்கள் மாண்டனர். கடைகள் எரிந்தன. இளைஞர்கள் பலர் ஆண்டுக்கணக்கில் சிறையில் கிடந்தனர். அவர்களுள் குற்றமற்றவர் என விடுதலையானவர்களும் உண்டு. அந்த மாதங்களில் கோட்டைமேட்டுத் தெருக்களில் பதினாறு, பதினேழு வயதுப் பிள்ளைகள் கேட்ட கேள்விகள் இன்றும் என் காதில் ஒலிக்கின்றன. "நாங்க என்ன சார் தப்புப் பண்ணோம்?" என்றான் ஒருவன். "இனிமே எங்களுக்கு யார் வேலை கொடுப்பா?" என்றான் இன்னொருவன். அவர்களுக்கு மறுமொழி சொல்லப் பலர் வந்தனர். மேடை போட்டவர் வந்தனர். துண்டறிக்கை தந்தவர் வந்தனர். சினத்தை மட்டும் ஊட்டிவிட்டுப் போனவரும் வந்தனர். வந்தவர் அனைவரும் போய்விட்டனர். மறுநாள் காலையிலும் அதற்கு மறுநாளும் அந்தப் பிள்ளையின் அருகே இருப்பதற்கு ஆள் இல்லை.

நம் சமுதாயத்தில் வள்ளல்களுக்குப் பஞ்சம் இருந்ததில்லை. கொங்கு நாட்டின் ஊர்களில் பள்ளிவாசல்களைக் கட்டினோம், மதரஸாக்களைக் கட்டினோம், கல்யாண மண்டபங்களையும் கட்டினோம். ரமளானில் மாணவருக்கு நோட்டுப் புத்தகமும் சீருடையும் வழங்குகிறோம், படமும் எடுத்துக்கொள்கிறோம். அவையெல்லாம் தேவையே. ஆனால் ஒரு பிள்ளை ஒன்பதாம் வகுப்பில் கணக்கில் தவறி, பத்தாம் வகுப்பில் வெட்கப்பட்டு, பதினொன்றில் செல்பேசிக் கடையில் வேலைக்குச் சேர்வதற்கு இடைப்பட்ட அந்த ஆயிரம் மாலைகளில் அவனோடு உட்கார்ந்திருக்கும் வேலையை எந்த நன்கொடையும் செய்யாது. ஐயா கற்றுக்கொடுத்தது இதைத்தான் என்று எனக்குத் தோன்றியது. அவர் தம் செல்வத்தைக் கொடுத்தார் என்பதைப் போற்றுகிறோம். செல்வத்தைக் கொடுத்தவர் கோவையில் இன்னும் பலர் உண்டு. அவர் தம் மாலைகளைக் கொடுத்தார்.

2003இல் நாங்கள் ஆறு பேர் சேர்ந்தோம். ஒருவர் வங்கியில் இருந்தவர், ஒருவர் தையற்கடை வைத்திருந்தவர், மற்றவர் ஆசிரியர்கள். பள்ளிவாசலை ஒட்டிய மாடி அறை ஒன்றை ஜமாஅத்தார் மனமுவந்து தந்தனர். வாரத்தில் ஐந்து நாள், மஃரிபுக்கும் இஷாவுக்கும் இடையிலும் அதன்பின் ஒரு மணி நேரமும் பிள்ளைகள் வந்து படிக்கலாம். கட்டணம் இல்லை. எங்களுக்குள் ஒரே ஒரு நிபந்தனை: வருகிறேன் என்று ஒத்துக்கொண்டவர் வந்தே ஆக வேண்டும், வர இயலாத நாளில் வேறொருவரை அனுப்ப வேண்டும். முதல் ஆண்டில் பிள்ளைகளின் வருகையைவிட எங்கள் வருகையைத்தான் பதிவேட்டில் கடுமையாகக் குறித்தோம். மழை நாளில் ஒரே ஒரு பையன் வந்து, ஒரே ஓர் ஆசிரியர் இருந்து, இருவரும் ஒளிச்சிதறலைப் படித்த மாலைகள் உண்டு. அவ்வாறு வந்த ஒருவன் இன்று பொறியாளனாகத் துபாயில் இருக்கிறான். வந்தவரில் பாதிப் பேர் படிப்பை இடையில் விட்டார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். விட்டவர்களும் இப்போது தம் பிள்ளைகளை அனுப்புகிறார்கள்.

கலைக்களஞ்சியம் இப்போது இணையத்தில் படிக்கக் கிடைக்கிறது. பிள்ளைகள் செல்பேசியிலேயே அதன் பக்கங்களைப் புரட்டுகிறார்கள். ஐம்பது, அறுபது ஆண்டுகளுக்கு முந்திய தகவல்கள் பல பழையதாகிவிட்டன. அதைக் கண்டுபிடித்து "சார், இது தப்பு" என்று சொல்வதில் அவர்களுக்குப் பெருமகிழ்ச்சி. எது மாறியது, ஏன் மாறியது என்று தேடச் செய்கிறேன். என் மேசையில் இரண்டு தொகுதிகளைப் பழைய புத்தகக் கடையில் வாங்கி வைத்திருக்கிறேன். அவற்றைத் தொட வருபவன் கை கழுவிக்கொண்டு வர வேண்டும்.

தொடங்கிய ஆறு பேரில் இருவர் மர்ஹூம் ஆகிவிட்டனர். ஒருவர் மகனோடு சென்னை சென்றுவிட்டார். எஞ்சிய மூவரில் நானே இளையவன். எனக்கும் எழுபது கடந்துவிட்டது. படிகளில் ஏறும்போது இடையில் நின்றுதான் ஏறுகிறேன். இந்த ஆண்டு 23 பிள்ளைகள் வருகிறார்கள்; அவர்களில் 9 பேர் பத்தாம் வகுப்பு. அறிவியலை நான் பார்த்துக்கொள்கிறேன். தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் மற்ற இருவர் இருக்கிறார்கள். கணக்குப் பாடம் நடத்தியவர் சென்ற ஷஅபானில் இறையடி சேர்ந்தார். அவர் நாற்காலி காலியாக இருக்கிறது. கோட்டைமேடு, உக்கடம், கரும்புக்கடை, குனியமுத்தூர்ப் பகுதிகளில் வாழும் வாசகர்களே, உங்களில் எவரேனும், ஆணோ பெண்ணோ, பத்தாம் வகுப்புக் கணக்கை விளக்க வல்லவராக இருந்து, வாரத்தில் இரண்டு மாலைகளை மார்ச் மாதத் தேர்வு வரை தர இயலுமானால், இவ்விதழின் ஆசிரியருக்கு ஓர் அஞ்சலட்டை எழுதுங்கள். சிறப்புரை ஆற்ற விரும்புவோர் எழுத வேண்டாம். அதற்கு எங்களிடம் பட்டியல் ஏற்கெனவே நீளமாக இருக்கிறது.